ஊசிக்குக் கேட்ட சத்தம்

இசைத்தட்டு சுற்றவேயில்லை. அப்படியிருந்தும் ஹெட்போனுக்குள் 'டொம்' என்று ஒரு சத்தம் விழுந்தது.

அவள் கையிலிருந்த சால்டரிங் குச்சியைத் தாங்கியில் சாய்த்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தெருவில் ஈ காக்கா இல்லை, சாத்திய ஜன்னலின் இடுக்கில் நுழைந்த வெயில் மேசை ஓரத்தில் கோடு போட்டிருந்தது, உருகிய ஈயத்தின் வாடையும் பிசின் புகையும் அறையை விட்டு வெளியே போக மனமில்லாமல் நின்றிருந்தன. மறுபடியும் டொம். டொம். அப்புறம் ஒன்றுமில்லை.

"சனியனே, எங்கேருந்துதான் வர்ற?" என்று பெட்டியைத் திட்டினாள்.

மூன்று மாதமாக அந்தப் பெட்டியோடுதான் மல்லுக்கட்டு. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வருவது இத்துனூண்டு சத்தம். அதை ஆயிரம் மடங்கு தூக்கிக் கொடுத்தால்தான் பாட்டு என்று ஒன்று காதில் விழும். தூக்கும்போது பாட்டோடு சேர்ந்து ஊரிலுள்ள இரைச்சலெல்லாம் ஆயிரம் மடங்காகும், அதுதான் வம்பு. சத்தத்தை அப்படித் தூக்கக் கடையில் வாங்கிய ப்ரீஆம்ப் பெட்டிகள் எல்லாம் எண்ணெய்ச் சட்டி கணக்காய் 'உஸ்' என்றன. அவளுக்குப் பொறுக்குமா? பதினெட்டு வருஷமாகக் காதுக் கருவி பழுதுபார்க்கிறவள். தானே செய்வதென்று இறங்கிவிட்டாள்.

லாரியோடு வெளியூர் போயிருந்த வீட்டுக்காரர் காலையில்கூடப் போனில் கிண்டல் செய்தார். "ஊர்ல எல்லாரும் பாட்டு கேக்கறதுக்குப் பெட்டி வாங்குவாங்க. நீ மட்டுந்தான்டி ஒண்ணுமே கேக்காம இருக்கறதுக்குப் பெட்டி செய்யற!"

அவர் சொன்னதில் தப்பில்லை. கரண்டே வேண்டாமென்று பேட்டரி போட்டாள். பிஸ்கட் டப்பாவுக்குள் சர்க்யூட்டை அடக்கி மூடினாள். கம்பிகளைப் பின்னல் போட்டாள், எர்த்தை ஒரே புள்ளியில் கொண்டுவந்து கட்டினாள். இன்று மத்தியானம் உஸ் என்ற சத்தம் அடியோடு ஒழிந்தது. ஹெட்போனுக்குள் அப்படி ஓர் அமைதி, சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த அமைதிக்குள்தான் இந்த டொம்.

ஊசியைத் தூக்கிப் பார்த்தாள். சத்தம் இல்லை. நின்றிருந்த தட்டின்மேல் வைத்தாள். டொம். அப்படியானால் சர்க்யூட்டில் கோளாறில்லை, ஊசி வழியாகத்தான் வருகிறது. யோசித்தவளுக்குச் சட்டென்று புரிந்தது, சிரிப்பும் வந்தது. நடக்கிற அதிர்வில் ஊசி குதிக்கக் கூடாது என்று கொத்தனாரை வைத்துச் சுவரில் ஒரு கல் பலகை பதித்து, அதன்மேல்தான் பிளேயரை வைத்திருந்தாள். அந்தச் சுவர் அப்படியே மேலே போய்த் தங்கச்சி பாப்பாவின் வீட்டுச் சமையலறைச் சுவராகிறது. மாடியில் பாப்பா எதையோ இடிக்கிறாள், கல் அதைக் கொண்டுவந்து ஊசிக்குக் கொடுக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள்.

"வேணாங்க... சத்தியமா நான் யார்கிட்டயும் பேசலங்க..."

பாப்பாவின் குரல். வாயைக் காதில் வைத்துப் பேசியதுபோல அத்தனை தெளிவு. அதை வெட்டிக்கொண்டு ஓர் அடி விழுந்தது. அது உரலில் விழுகிற அடியில்லை, சதையில் விழுகிற அடி. பல் இடிபட்ட 'டக்' தனியாகக் கேட்டது, மூச்சு வெளியே பிதுங்கியது, அதன்பின் கனமான எதையோ தூக்கித் தரையில் மோதுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று, ஒவ்வொரு மோதலும் முந்தினதைவிட ஈரமாக இருந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக் கதவை உடைத்துவிடுகிற மாதிரி தட்டினாள்.

கதவு திறந்தது. பாப்பா சோப்பு நுரைக் கையோடு நின்றாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"உன் வீட்டுக்காரர் எங்க?"

"ஒர்க் ஷாப்புக்குப் போயிருக்காரு. காலைல போனவருதான். ஏன், என்னாச்சு?"

வீட்டில் வேறு யாருமில்லை. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அத்தனை வெக்கையில் பாப்பா முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், நனையாமல் இருக்க ஏற்றிவிட்டிருந்த கைக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக நாலு விரல் தடம்.

"இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

அதே கதவு, இந்த வருஷத்தில் மூன்றாவது தடவை. அக்காவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். மாப்பிள்ளை குரல் உயர்ந்து அந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை, பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களாக்கா?" என்று தேனாய்ப் பேசுகிறவர், அதனால் தெரிந்ததைத் தெரியாததுபோல விழுங்கிக்கொண்டு இருந்துவிட்டாள். இன்றும் ஒன்றும் பேசாமல்தான் கீழே இறங்கினாள்.

உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

மறுபடியும் முதலிலிருந்து. வேணாங்க. சத்தியமா. அடி. பல். தரை. ஒன்று, இரண்டு, மூன்று. இம்முறை அதைத் தாண்டியும் ஓடியது. எதையோ இழுத்துப் போகிற சத்தம். அப்புறம் அமைதி, அவள் மூன்று மாதம் பாடுபட்டு உண்டாக்கிய அந்தச் சுத்தமான அமைதி. அதற்குள் மரக் கதவை யாரோ அறைந்தார்கள், தூரத்தில் ஒருத்தி அலறினாள். "பாப்பா! கதவத் திறடி!"

அது அவளுடைய குரல்.

உள்ளங்கால்வரை சில்லிட்டுப் போயிற்று. இது நடந்ததில்லை, இனிமேல்தான் நடக்கப்போகிறது. பாப்பாவை அந்த மாடி வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். இப்போதே. அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

மறுபடி மாடியேறி அரை மணி நேரம் கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் அழுதாள். "உனக்கு மண்டை குழம்பிடுச்சுக்கா, நாள் முழுக்க அந்த டப்பாவையே கட்டிக்கிட்டு அழுதா இப்படித்தான்" என்றாள் பாப்பா. ஆனாலும் கையைப் பிடித்து இழுத்தபோது வந்தாள். கீழ்வீட்டு வாசலில் நின்று சின்னக் குரலில், "நிஜமாவே நான் இங்கயே இருந்துடலாமாக்கா?" என்று கேட்டாள்.

பிளேயர் இருந்த அறையில் அவளை உட்கார வைத்தாள். தாழ் போட வாசல்வரை வந்த பாப்பாவிடம் சொன்னாள். "உள்பக்கம் தாழ் போட்டுக்க. யார் கூப்பிட்டாலும் திறக்காத. மேல போய் உன் துணிமணிய அள்ளிக்கிட்டு அஞ்சே நிமிஷத்துல வந்துடறேன். அவர் வர்றதுக்குள்ள எங்கயாவது கிளம்பிடலாம்."

தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தைக் காதாரக் கேட்டுவிட்டுத்தான் மாடியேறினாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விளக்குப் போடவில்லை. படுக்கையறை அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எல்லாம் பையில் திணித்தாள். புடவை, சான்றிதழ் கோப்பு, பாப்பாவின் மூக்குக் கண்ணாடி. கூடத்தில் பாத்திரம் ஒன்று மேசையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

"தாழத் திறக்காதன்னு சொன்னேன்ல, பாப்பா? கீழ போடி, நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்து பார்த்தாள். யாரும் இல்லை. வாசல் கதவு லேசாகத் திறந்திருந்தது. மேசைமேல் மாப்பிள்ளையின் சாப்பாட்டுத் தூக்கு. சற்றுமுன் அது அங்கே இல்லை. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கீழ்வீட்டின் கொல்லைப்புறச் சாவியை அவள்தான் அந்த ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

சாவி இல்லை.

காலடியில் தரை அதிர்ந்தது. கீழே, மங்கலாக, ஒரு பெண்ணின் குரல். என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. வெறும் உறுமல்.

அங்கேயே, அந்த நொடியே, எல்லாம் விளங்கிவிட்டது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வது இதுதானே? சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் எனக்கும் புரியாது ஐயா, கூர்மையான சத்தத்தையெல்லாம் சுவர் தின்றுவிடும், மிச்சம் உறுமல்தான். ஹெட்போனில் கேட்ட குரலில் உறுமல் இல்லை. சத்தியமா என்றது. பேசல என்றது. ஒவ்வொன்றும் கத்திபோல் வந்தது. அது சுவரைத் தாண்டி வந்த குரலே இல்லை. அந்த அறைக்குள்ளேயே, ஊசிக்குப் பக்கத்திலேயே, பேசிய குரல். பதினெட்டு வருஷத் தொழில்காரி, பயத்தில் அதைக் கோட்டை விட்டாள். தன் கையாலேயே தங்கச்சியை இழுத்துக்கொண்டு வந்து அங்கே உட்கார வைத்தாள்.

ஓடினாள்.

படி. படி. கால் இடறியது. முட்டி கிழிந்தது. எழுந்தாள்.

கீழே ஒன்று. இரண்டு. மூன்று.

கதவு. உள்தாழ்.

கத்தக் கூடாது. அதைச் சொல்லாமல் இருந்துவிட்டால் நடக்காது. அப்படித்தான் நினைத்தாள். உதட்டைப் பல்லால் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. உள்ளே எதையோ இழுக்கிற சத்தம். கை தானாகக் கதவை அறைந்தது.

"பாப்பா! கதவத் திறடி!"

அமைதி.

பக்கவாட்டு ஜன்னலுக்குப் பாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். மேசைக்கடியில் பாப்பாவின் கால்கள் தெரிந்தன. ஒரு குதிகால் மட்டும் தரையில் தேய்ந்து தேய்ந்து, நின்றது. தலை இருக்க வேண்டிய இடத்தில் கூந்தல் இருந்தது, தரையோடு ஒட்டிக்கொண்டு, அதன்கீழ் தலையின் வடிவத்தில் எதுவுமில்லை. சுவரில், கல் பலகையில், பிஸ்கட் டப்பாவில், சிவப்பு.

மாப்பிள்ளை அவளுடைய முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை நனைந்த கைகள் மடியில் இருந்தன. காதில் ஹெட்போன். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கண் திறந்தார். அவளைப் பார்த்தார்.

"சும்மா சொல்லக் கூடாதுக்கா" என்றார், என்றும் பேசுகிற அதே மெல்லிய குரலில். "கொஞ்சங்கூட இரைச்சல் இல்ல. அருமையா செஞ்சிருக்கீங்க."

எழுந்து ஜன்னலுக்கு வந்தார். அவளுக்குக் கால் நகரவில்லை. ஹெட்போனைக் கழற்றி, வயரை நீளமாக இழுத்து, கம்பிகளுக்கு நடுவே அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். காது மெத்தைகள் இரண்டும் ஊறிப்போய்ச் சொட்டின. அவற்றிலிருந்து, சின்னதாய், துளி இரைச்சலில்லாமல், ஒரு பெண் உயிருக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளை, வேணாம்... மாப்பிள்ளை, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்..."

அதுவும் அவளுடைய குரல்தான். அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.