தார்ப்பாய்க் கயிறு

கடைசி நட்டும் இறுகி, இறுக்கத்தை அளக்கும் முறுக்களவி 'டிக்' என்றதும் நாச்சிமுத்துவின் பிடரியில் இளஞ்சூடு பரவியது. வேலை முடிந்தது என்று அதற்குப் பொருள். அந்த நொடியோடு, சம்பூர்ணம் ஓட்டப்போகும் லாரியின் சக்கரங்களைப் பற்றிய கவலை அவனை விட்டுப் போயிற்று. சம்பூர்ணம் அவன் மனைவி என்பதற்காகப் பிடரியில் ஒட்டியிருந்த பட்டை எந்தச் சலுகையும் காட்டவில்லை.

பிடரியில் ஒட்டிக்கொள்ளும் அந்த நிம்மதிப் பட்டையை முதலில் வீடுகளுக்குத்தான் விற்றார்கள். கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி ஓடும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வேலை சரியாக முடிந்தது என்று ஒரு கருவி சாட்சி சொன்னால் போதும்; அந்த வேலையோடு தொடர்புள்ள எல்லோருடைய பட்டையும் அதைப் பற்றிய உறுத்தலை மட்டும் அணைத்துவிடும். மற்றக் கவலைகளைத் தொடாது. அணைந்த உறுத்தல் தூங்கி எழுந்தால்தான் திரும்பும், அதற்குள் வேறு வேலை வந்துவிடும்.

நாமக்கல் பட்டறைகளுக்கு அது வந்த காரணம் வேறு. பயந்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் நிறுத்தத் தெரியாது. போதுமோ போதாதோ என்று ஸ்பேனரில் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி மிதித்து இறுக்குவான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அப்படி இறுக்கிய போல்ட் உள்ளுக்குள் இழுபட்டு மெலிந்து ஒருநாள் ஓட்டத்தில் முறியும். இப்போது நட்டைக் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்களவியை வைத்தால், சரியான அளவில் அதுவே நின்றுகொள்கிறது. பட்டை வந்தபின் போல்ட் முறிவது குறைந்தது என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆயுத பூஜை முடிந்து மறுநாள். வண்டிகள் எல்லாம் குளித்து, பொட்டு வைத்து, சிவப்புச் சாயம் பூசிய சக்கரங்களோடு மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றன. பூஜைக்காகச் சக்கரங்களைக் கழற்றிச் சாயம் பூசியதும் நாச்சிமுத்துதான், காலையில் மாட்டியதும் அவன்தான்.

சம்பூர்ணம் முட்டை லோடு ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றைத் தன் கையாலேயே இழுத்துக் கட்டினாள். கயிற்றுக்கு இன்னும் சாட்சிக் கருவி வந்திருக்கவில்லை.

"வீல் எல்லாம் ஆச்சுங்களா?"

"ஆச்சு அம்மிணி."

"எனக்கும் சூடு வந்துருச்சு. பெங்களூரு போயிட்டு வந்தர்றனுங்க."

முன்பெல்லாம் அவள் இப்படிக் கிளம்பியதில்லை. கம்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டாகத் தட்டிக் காது வைத்துக் கேட்பாள். அவன் பின்னாலேயே போய் அதே நட்டுகளை இன்னொரு முறை தட்டுவான். டீக்கடைக்கு டீக்கடை போன் வரும். அது தொல்லையாக இருந்தது என்று இருவருமே சொல்லியிருக்கிறார்கள். இப்போது முன் சக்கரத்து எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி போயிற்று, அவன் கை கழுவப் போனான்.

சிறிது நேரத்தில் ராசிபுரம் போன வண்டி ஒன்று பஞ்சராகித் திரும்பி வந்தது. அதுவும் பூஜைக்குச் சாயம் பூசிய வண்டிதான். பின் சக்கரத்தைக் கழற்ற நட்டில் ஸ்பேனரை வைத்தான். நட்டு எதிர்ப்பே காட்டாமல் சுழன்றது. அடுத்ததும் அப்படியே. சக்கரத்தை இறக்கிப் பார்த்தான். சக்கரத் தட்டும் அச்சின் முகமும் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் சிவப்புச் சாயம் தடிப்பாக அப்பியிருந்தது. ஓட்டத்திலும் பிரேக் சூட்டிலும் இளகி நசுங்கிப் பொரிந்திருந்தது. இரும்பும் இரும்பும் ஒட்ட வேண்டிய இடத்தில் சாயம் புகுந்தால், அது நசுங்க நசுங்க நட்டின் பிடி விட்டுப்போகும். இறுக்கும்போது முறுக்களவிக்கு அது தெரியாது. அது முறுக்கை அளக்கும். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்காது.

மேற்பார்வையாளர் சென்னியப்பன் குனிந்து பார்த்தார்.

"சம்பூர்ணத்து வண்டிக்கும் இதே சாயந்தானப்பா?"

"ஆமாங்க."

"அப்பக் கழண்டுரும்."

"கழண்டுருமுங்க."

இருவரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையில் அவர் பட்டையும் சம்பூர்ணத்தின் வண்டிக்குச் சூடு கொடுத்திருந்தது. சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று அவர் போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்கு எல்லாம் விளங்கியது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பதும் தெரியும், தேரில் இருப்பது தன் மனைவி என்பதும் தெரியும். ஆனால் வாய்ப்பாடு தெரிவது போலத்தான் அது தெரிந்தது. பட்டையைப் பிய்த்துப் போட்டுப் பார்த்தான். பிடரி குளிர்ந்ததே தவிர பயம் வரவில்லை. பயந்த புருஷன் இந்நேரம் என்ன செய்வான் என்று யோசித்து, போனை எடுத்தான்.

"சொல்லுங்க."

"நட்டெல்லாம் லூசாகுது அம்மிணி. சாயம் பூசுனது தப்பாப் போச்சு. நிறுத்தி இறுக்கோணும்."

"அப்புடிங்களா. ஓமலூர்ல டீ குடிக்க நிறுத்துவேன். அப்பப் பாத்துக்கறனுங்க."

"சரி."

கழற்றி மாட்டிய சக்கரத்தைச் சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்பது பழைய விதி. அதை யாரும் நீக்கவில்லை. ஓட்டுநர் காதில் அது நினைவூட்டலாக ஒலிக்கும், 'சரி' என்றதும் அடங்கும். ஓட்டுநர்கள் எல்லோரும் 'சரி' என்றார்கள். முன்பு அவர்களை வண்டியிலிருந்து கீழே இறக்கியது விதி அல்ல, உறுத்தல் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சாப்பிட்டு முடித்தபின் மறுபடி கூப்பிட்டான்.

"ஓமலூர்ல பாத்தியா?"

"டீ குடிச்சனுங்க. அது மறந்தே போச்சு."

"இப்ப எங்க?"

"தொப்பூர் கணவாய்க்குக் கிட்ட வந்துட்டேன்."

"வளைவுல சக்கரம் கழண்டா நீ செத்துருவ."

"ஆமாங்க," என்றாள். பொய் இல்லாத குரல். எஞ்சின் சத்தம் குறையவில்லை.

அவனும் அதே குரலில்தான் சொல்லியிருந்தான். சாகப்போகிறவளும் சாகவிடுகிறவனும் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்ட வழக்கு வேறெங்கும் இருக்காது. போனை வைத்துவிடலாம் என்றுகூட இருந்தது. எதிரே ஒரு லாரியின் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்டது: கயிற்றுக்குச் சாட்சிக் கருவி இல்லை.

"அம்மிணி, நீ கிளம்பறப்ப பின்னால கயிறு தளர்ந்த மாதிரி இருந்துச்சு."

"என்னது?"

"தார்ப்பாய்க் கயிறு. இடது மூலைல."

"அட, இதை முன்னாலயே சொல்றதுக்கென்னங்க? முட்டை பூரா ரோட்டுல போயிருமே." பிரேக் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. செருப்புச் சத்தம் ஓடியது. அவள் குரலில் பயத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவன் நினைத்தான்.

"கயிறு நல்லாத்தானுங்களே இருக்குது."

"சரி. நிக்கறது நின்னுட்ட. பின் சக்கரத்து நட்டுல கை வெச்சுப் பாரு."

செருப்புச் சத்தம் பின் சக்கரத்துப் பக்கம் போயிற்று.

"ரெண்டு நட்டு கையிலயே சுத்துதுங்க. ஒண்ணைக் காணோம்." கயிற்றுக்காக வந்த பதற்றம் அதற்குள் வடிந்திருந்தது. பட்டறை வண்டி வந்து, சக்கரங்களைக் கழற்றி, சாயத்தைச் சுரண்டி மாட்டும்வரை அங்கேயே நிற்கும்படி சொன்னான். நின்றாள்.

அவள் பிழைத்தாள். அவனுக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. பயம் வராத இடத்துக்கு ஆறுதலும் வராது போலும். முகம் கழுவிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

நடந்ததை நடந்தபடியே பட்டை நிறுவனத்துக்குச் சொன்னான். திரையில் வந்த ஆய்வு அலுவலர் ஹேமலதா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சக்கரம் பொருந்தும் முகத்தில் இனிச் சாயம் பூசக்கூடாது, முகத்தைச் சுத்தமாகத் துடைத்தபின்தான் மாட்ட வேண்டும் என்றார். நல்ல உத்தரவு. அதற்கும் ஒரு சாட்சிக் கருவி வரும் என்றார்.

"ஆனா நாச்சிமுத்து, வண்டி நின்னது கயிறுக்காக. கயிறு சரியாத்தான் இருந்திருக்கு. இல்லாத ஒண்ணுக்காக ஒரு ஓட்டுநர் கணவாய் ஓரத்துல திடீர்னு பிரேக் போட்டிருக்காங்க. அதுதான் எங்களுக்குப் பெரிய ஆபத்தாத் தெரியுது."

"அதனாலதானுங்க பொழச்சா."

"புரியுது," என்றார் அவர். அவர் பிடரியிலும் பட்டை இருந்தது.

தீபாவளிக்கு முன்பே கயிற்றளவி வந்துவிட்டது. சம்பூர்ணம் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, முடிச்சில் அதை வைத்தாள். 'டிக்' என்றது. அவள் தோள்கள் தளர்ந்தன.

"வர்றனுங்க."

"இரு அம்மிணி," என்றான்.

அவள் கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள். வழியில் ஏதாவது என்றால் இனி எதைச் சொல்லி இவளை நிறுத்துவது என்று யோசித்தான். கேஸ், பூட்டு, சக்கரம், கயிறு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் சாட்சிக் கருவி வந்திருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வா."

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி தெருமுனை திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்ல ஒரு பொய்கூட மிச்சமில்லை என்பது தெரிந்தது. அது உறுத்தவில்லை.