பின்னால் நிற்பவள்

வயோமிங் மாநிலத்தின் அந்த முகாம் மைதானத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, மாலை வெயில் இன்னும் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. பிக்கப் வண்டியில் ஏசி வழியிலேயே செத்துவிட்டது. பின் இருக்கையில் எட்டு வயது மகள் ஜூனி, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, கேட்காமலே முறைக்கும் நிலைக்கு வந்திருந்தாள்.

நெப்ராஸ்காவிலிருந்து ஓரிகன் கடற்கரை வரை போய்த் திரும்ப வேண்டும். வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது அந்த ட்ரெய்லர். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய சக்கர வீடு. யாரோ பயன்படுத்தி விற்ற பழசு. ராய்ஸுக்கு அதை இழுக்கத் தெரியும். பின்னால் தள்ளத் தெரியாது.

அது அவன் மனைவி டெலியாவின் தலையெழுத்து.

ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலது பக்கம் போகும். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதனால் மனைவி இறங்கிப் போய், கணவனின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கை காட்ட வேண்டும். வா, வா, நில். கேட்க எளிது. முகாம்களில் மடக்கு நாற்காலியும் பீருமாக ஒரு கூட்டம் இதற்கென்றே உட்கார்ந்திருக்கும். புதிதாக வரும் ஜோடிகளின் சண்டைதான் அவர்களுக்கு சாயங்கால நாடகம்.

அன்று நாடகம் அமர்க்களமாக நடந்தது. முதலில் மின்கம்பம் தப்பியது. பிறகு தண்ணீர்க் குழாய் தப்பவில்லை.

"நீ கை காட்றியா, இல்ல கொசு அடிக்கிறியா?" ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான் ராய்ஸ்.

நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். டெலியாவுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"நீயே நிறுத்திக்கோ ராய்ஸ். ராத்திரி பூரா நிறுத்து. நான் குளிக்கப் போறேன்."

ஜூனியை இழுத்துக்கொண்டு பொதுக் குளியலறைக்குப் போய்விட்டாள்.

தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது, ட்ரெய்லர் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே ரசமட்டம் வைத்து நிறுத்தியது போல நின்றுகொண்டிருந்தது. ராய்ஸ் அடுப்பில் சாஸேஜைப் புரட்டியபடி விசிலடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்குத்தான் ஒழுங்கா கை காட்டின," என்றான். "சத்தம் இல்ல, முறைப்பு இல்ல. முன்னாடியே இப்படி செஞ்சிருந்தா நமக்குள்ள சண்டையே வந்திருக்காது."

"நான் குளிச்சிட்டு இருந்தேன்."

அவன் சிரித்தான். பாராட்டினால்கூட ஏற்றுக்கொள்ளத் தெரியாதவள் என்றான். பச்சை ஜாக்கெட்டோடு, சிவப்புக் கான்வாஸ் ஷூவோடு கண்ணாடியில் அவளைத்தான் பார்த்ததாகச் சொன்னான். பச்சை ஜாக்கெட் ட்ரெய்லருக்குள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இடத்து நாற்காலிக் கிழவரிடம் டெலியா போய் விசாரித்தாள்.

"உன் வீட்டுக்காரர் தனியாவே நிறுத்திட்டாரும்மா. கெட்டிக்காரர்," என்றார் அவர். "பின்னால ஒரு ஈ காக்கா இல்ல."

ராய்ஸின் விசில் நின்றது.

அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அடுத்த முகாமில் வண்டியை நிறுத்தியதும், "நீ வேணா கடைக்குப் போய் ஐஸ் வாங்கிட்டு வாயேன்," என்றான். குரலில் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. அவள் ஐஸோடு வந்தபோது ட்ரெய்லர் நேர்க்கோட்டில் நின்றது. அதற்கடுத்த முகாமிலும் இதே கதை.

டெலியாவுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவனோடு மல்லுக்கட்டுகிறாள். யாரென்றே தெரியாத ஒருத்தி வந்து, நான்கு தரம் கையசைத்து, நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகிறாள்.

"அது என்னன்னு உனக்குப் பயமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

ராய்ஸ் சாலையைப் பார்த்தபடியே பதில் சொன்னான். "அது என்னைத் திட்றதில்ல டெலியா."

பின் இருக்கையில் ஜூனி காதைப் பொத்திக்கொண்டாள்.

ஐடஹோவில், ஆற்றங்கரை முகாமில் அவர்களுக்குக் கிடைத்த இடம் குறுகலானது. கடைசியில் ஆள் உயரப் பாறை. பைன் மரங்கள் வெளிச்சத்தை அதற்குள்ளேயே குடித்துவிட்டிருந்தன. ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை.

இன்று நான்தான் கை காட்டுவேன், வேறு எவளும் வரக்கூடாது என்று டெலியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். வலது பக்கக் கிளை கூரையில் உரசுமா என்று முதலில் பார்க்கப் போனாள். அவள் பின்னால் போய்ச் சேருவதற்குள்ளேயே வண்டி நகர ஆரம்பித்தது.

"ராய்ஸ், இரு. நான் இன்னும் போகல."

கொசுவுக்காக ஜன்னல்களை ஏற்றியிருந்தான். கேட்கவில்லை.

அப்போதுதான் பார்த்தாள். வண்டிக்குள் இருக்க வேண்டிய ஜூனி, ட்ரெய்லருக்கும் பாறைக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தாள். தானே கை காட்டிவிட்டால் சண்டை வராது என்று இறங்கி ஓடியிருக்கிறாள். அப்பாவைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள்.

நில்.

ட்ரெய்லர் நிற்கவில்லை.

ஜூனி பாறையோடு ஒட்டிக்கொண்டாள். இரு பக்கமும் புதர். டெலியா ட்ரெய்லரின் பக்கவாட்டைப் படபடவென்று அறைந்தாள். எஞ்சின் இரைச்சலில் அது கரைந்து போனது. ராய்ஸுக்கு ஏன் ஜூனி தெரியவில்லை? டெலியா குனிந்து ட்ரெய்லரின் அடிவழியாக ராய்ஸ் பக்கத்தைப் பார்த்தாள்.

சக்கரத்துக்கு அப்பால் இரண்டு கால்கள்.

சிவப்புக் கான்வாஸ் ஷூ.

அதே ஷூவை அவளும் போட்டிருந்தாள்.

ட்ரெய்லர் நகர நகர, அந்தக் கால்களும் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போயின. அவசரமே இல்லாமல்.

வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி உண்டு. ஓட்டத்தில் ட்ரெய்லர் கழன்றுபோனால், அந்தக் கம்பி ஒரு முளையைப் பிடுங்கும். ட்ரெய்லரின் சக்கர பிரேக் தானாகவே இறுகிவிடும். டெலியா ஓடிப்போய், நகரும் இணைப்பு இரும்புக்கு மேல் விழுந்து, அந்தக் கம்பியை இரு கையாலும் சுற்றி இழுத்தாள். விரல் கிழிந்தது. இன்னொரு முறை இழுத்தாள்.

முளை பிடுங்கிக்கொண்டு வந்தது.

சக்கரங்கள் மண்ணில் கிறீச்சிட்டு நின்றன. ட்ரெய்லரின் பின்பக்கம் ஜூனியின் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ராய்ஸ் கதவைத் திறந்துகொண்டு கோபமாக இறங்கினான்.

"இப்ப ஏன் நிறுத்தின? வா வான்னு நீதானே கூப்பிட்ட?"

டெலியா குழந்தையை இடுக்கிலிருந்து வெளியே இழுத்தாள். ராய்ஸ் அதைப் பார்த்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜூனி அழவில்லை. அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நான் நில்லுன்னு காட்டினப்போ," என்று மெல்லக் கேட்டாள், "நீ ஏன்மா என்னைப் பார்த்து சிரிச்ச?"

ட்ரெய்லரை அங்கேயே கழற்றிப் போட்டார்கள். துணிமணியைக்கூட எடுக்கவில்லை. கடற்கரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போனால் போதும் என்று கிளம்பினார்கள். மறுநாளும் ராய்ஸ் ஸ்டியரிங்கைத் தொட மறுத்ததால் டெலியாதான் ஓட்டினாள். வழியெல்லாம் அவள் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு சிற்றூர் உணவகத்தில் மூவரும் பாதி ஹாம்பர்கரோடு எழுந்து வந்தார்கள்.

நல்ல மத்தியானம். வண்டி சுவரைப் பார்த்து நின்றிருந்தது. ராய்ஸ் பக்கத்து இருக்கையில் சாய்ந்ததுமே தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிப் போனான். பின்கதவு மூடும் சத்தம் கேட்டது. டெலியா எஞ்சினைக் கிளப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

பின்னால் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான்.

அதே தொப்பி. அதே கட்டம் போட்ட சட்டை. முகத்தில் சிடுசிடுப்பு இல்லை. ஒன்றும் அவசரமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல விரல்களை மடக்கி மடக்கி அழைத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் இவ்வளவு பொறுமையாக இருந்ததே இல்லை.

பக்கத்து இருக்கையில் ராய்ஸ் குறட்டை விட்டான்.

பிரேக்கின் மேல் அவள் கால் உறைந்தது.

"ஜூனி," என்றாள் அடிக்குரலில். "பெல்ட் போட்டியா?"

பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். பின் இருக்கை காலியாக இருந்தது. பின்பக்கக் கண்ணாடியின் கீழ் விளிம்பில், பம்பரை ஒட்டி, எதையோ பொறுக்கிவிட்டு நிமிர்ந்த ஜூனியின் தலைமுடி மட்டும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் வெறும் வெயில்.

டெலியா எஞ்சினை அணைத்தாள்.

கண்ணாடியில் அந்தக் கை நிற்கவில்லை. துளியும் கோபமில்லாமல், வா, வா என்று அழைத்துக்கொண்டே இருந்தது.