தூக்கம் போதாத பேரி மரம்

மேல்மலையில் அன்று குளிர்காலம் தொடங்க வேண்டிய நாள். வேலப்பன் காலையிலேயே கூடாரத் துணியைப் பேரி மரத்தடியில் விரித்து, கிழிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளைக் கூடாரங்கள் உப்பத் தொடங்கியிருந்தன. வெளியே மனிதர்கள் வியர்த்து வழிய, உள்ளே மரங்களுக்கு மார்கழி.

"கூடாரத்தை அப்புறம் இறக்கலாம். எந்தக் கிளை போகுதுன்னு முதல்ல முடிவு பண்ணு" என்றாள் அவனுடைய அக்கா பூங்காவனம். அதற்காகவே முதல் வண்டியைப் பிடித்து வந்திருந்தாள்.

மலைக்குத் தானாகக் குளிர் வருவது நின்றுவிட்டது. குளிரில் தூங்காத பேரி பூக்காது. அதனால் குளிர்ப் பங்கீட்டு நிலையம் குழாய் வழியே குளிரை அனுப்பியது. இலையின் மரபைப் படித்து, எந்த மரத்துக்கு எவ்வளவு என்று நிலையமே அளந்து கொடுக்கும். ஒரே நிபந்தனை: மூன்று வருடம் பூக்காத கிளையை வெட்டிவிட வேண்டும். வெறும் கிளைக்குக் குளிர் கிடையாது.

அந்த வீட்டுக்கு வரும் மருமகள் ஒவ்வொருத்தியும் தாய்வீட்டுப் பேரியிலிருந்து ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து இந்த மரத்தில் ஒட்டுக்கட்டுவாள். அதற்காகவே கல்யாணங்களைத் தையில் வைப்பார்கள். ஐந்து தலைமுறை மருமகள்கள் ஒரே அடிமரத்தில் காய்த்தார்கள். இந்த மூன்று வருடமாகப் பூப்பது கடைசியாக வந்த மருமகளான, வேலப்பனின் மனைவி மலர்க்கொடியின் கிளை மட்டும்தான்.

"எங்கம்மா கிளை எப்படிக் காய்ச்ச கிளை! இவ குச்சி வந்துச்சு, மொத்தச் சத்தையும் உறிஞ்சிருச்சு" என்றாள் பூங்காவனம்.

"மதினி, நான் ஒட்டுக்கட்டுன பிறகும் எத்தனையோ வருசம் எல்லாக் கிளையும் பூத்துச்சே?"

"உறிஞ்சுறதுக்கு முதல்ல பல்லு முளைக்கணும்ல?"

மலர்க்கொடி உள்ளே போய்க் கிளை அறுக்கும் வாளை எடுத்துவந்தாள்.

"இந்தாங்க, என் கிளையை வெட்டிருங்க. இந்தப் பேச்சை இனிமே என்னால கேக்க முடியாது."

"வெட்டுனா வீட்டுக்கு ஒரு காய்கூடக் கிடைக்காது, மலரு" என்றான் வேலப்பன்.

"கிடைக்காட்டிப் போகட்டும். நிம்மதி கிடைக்கும்ல."

அப்போதுதான் நிலையத்து ஆய்வாளர் செரீனா வந்தாள். இளம்பெண். "வாளைக் கீழ வைங்கம்மா. வெட்டற கிளையோட இலையை நான் முதல்ல பதியணும்" என்று சொல்லி, பூக்காமல் நின்ற பூங்காவனத்தின் அம்மா கிளையில் ஒரு இலையைப் பறித்து இலைமானியில் வைத்தாள். நெற்றி சுருங்கியது.

"இது உங்க மரத்து இலை இல்லைன்னு காட்டுது."

"எங்கம்மா கிளை எங்க மரத்துது இல்லையா? உன் மெஷினுக்கு என்ன, பித்துப் பிடிச்சிருச்சா?"

"உங்க மரம்னு நிலையத்துல ஒரே ஒரு இலைதான் இருக்கு. குழாய் போட்டப்ப யார் குடுத்தது?"

"நான்தான்" என்றான் வேலப்பன். "ஒரு இலை போதும்னாங்க. மலரோட கிளையில பறிச்சுக் குடுத்தேன்."

"இருந்து இருந்து அதுலயா போய்ப் பறிச்சே?" என்றாள் பூங்காவனம்.

அவன் கழுத்தைச் சொறிந்தான். "தெனமும் போற போக்குல அதைத்தானேக்கா தொட்டுட்டுப் போவேன். கை அங்கதான் போச்சு."

செரீனா மலர்க்கொடியைப் பார்த்தாள். "உங்க சொந்த ஊர் எதும்மா?"

"கீழ்மலை. தாண்டிக்குடிப் பக்கம்."

"அதான் விசயம். கீழ்மலைப் பேரிக்குக் கொஞ்சம் குளிர் போதும். மேல்மலைப் பேரிக்கு அதுமாதிரி மூணு மடங்கு வேணும். அந்த ஒரு இலையை வச்சு, மொத்த மரத்தையும் பாதித் தூக்கத்துல எழுப்பி விட்டுட்டு இருந்திருக்கோம்." அவள் பழைய கிளையின் பட்டையை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை. "இது பட்டுப்போகலை. தூக்கம் பத்தலை, அவ்வளவுதான்."

"அப்ப வெட்ட வேண்டாமா?" பூங்காவனத்தின் குரல் இறங்கிவிட்டது.

"எதையும் வெட்ட வேண்டாம். இந்த இலையைப் பதிஞ்சாச்சு. இன்னைக்கே நெடுங்குளிர் வந்துரும்."

"என் கிளை அவ்வளவு குளிர் தாங்குமா?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

"கூடக் கொஞ்சம் தூங்கும். ஒண்ணும் ஆகாது."

செரீனா போனாள். பிறகு பூங்காவனம் தம்பி பக்கம் திரும்பினாள்.

"இவன் சின்னப்பிள்ளையிலேயே இப்படித்தான். உப்பு வாங்கிட்டு வாடான்னா, கைக்குக் கிடைச்சதை வாங்கிட்டு வருவான்."

மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், கண்ணில் நீரோடு அது வெளியே வந்தது. பூங்காவனம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. வாளைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"முகத்தைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி. போய்ப் படு. சோத்தை நான் ஆக்கிக்கிறேன்."

"எந்த டப்பால என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதே, மதினி."

"நான் பிறந்த வீடுடி இது."

கூடாரம் இறங்கியது. குழாய் சீறியது. துணியின் உள்பக்கம் மெல்லப் பனி பூத்தது.

மதியம் மலர்க்கொடியைச் சாப்பிட எழுப்ப வந்த வேலப்பனை, அறை வாசலிலேயே கையை நீட்டி மறித்தாள் பூங்காவனம்.

"ஷ்ஷ்... தூங்கட்டும்டா. எழுப்பாதே."