சொல்மாரி சோமசேகரம் ஆற்றிய நினைவுரை

உற்றார், உறவினர், ஒலிபெருக்கிக்காரர் அனைவருக்கும் பேருவகையுடன் அறியத்தருவது: 1993ஆம் ஆண்டு ஆனி மாதம், கோப்பாயில், அமரர் சிவக்கொழுந்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில், இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ‘சொல்மாரி’ சோமசேகரம் நினைவுரை ஆற்றினார். தமிழ் செய்த தவம் அது. தமிழ் அப்படி என்ன பாவம் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

காலையிலேயே ஒரு சின்னப் பிசகு. தேத்தண்ணியை வைத்தபடி மனைவி குணலட்சுமி ஏதோ கேட்டாள். குரல் அவளுடையது, இழுவை கேள்வியினுடையது, பொருள்தான் வரவில்லை. முப்பது வருடமாக அவள் சொல்வதைக் கேளாமலே தலையாட்டிப் பழகியவர், தலையாட்டினார். அரை நிமிடத்தில் தமிழ் திரும்பிவந்தது.

“உங்களைத்தான். முகம் ஒருமாதிரிக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவமோ?”

“விசர்க்கதை கதையாதை. சனம் காத்துக்கொண்டிருக்கும்.”

அவருடைய தகப்பனுக்கும் மூளையில் இரத்தம் அடைத்தது இப்படித்தான் தொடங்கியது. பொழுதுபட ஆள் இல்லை. அது சோமசேகரத்துக்குத் தெரியும். ஆனால் மேடையில் அவருக்குப் போட மாலை கட்டியாயிற்றே.

போர்க்காலத் தடையால் வீடுகளில் விளக்குக்கும் இல்லாத மண்ணெண்ணெய், சொல்மாரியின் மைக்குக்கு ஜெனரேற்றர் ஓட்டக் கிடைத்திருந்தது. அதன் புகை சாம்பிராணியோடும் கொதிக்கும் சாம்பாரோடும் கலந்து பந்தலுக்குள் கனக்க, ஜெனரேற்றரின் உறுமலுக்கு மேலால் கூட்டத் தலைவர் கந்தப்பு அவரைப் புகழத் தொடங்கியபோது, அந்தக் குரல் மெல்ல மெல்லத் தோலுரிந்தது. முதலில் பொருள் போயிற்று. பிறகு சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலிருந்த இடைவெளி. கடைசியில் வாய் ஈரமாகத் திறந்து மூடும் சத்தம் மட்டும். காது எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே வாங்கிப் பிரிக்க ஆளில்லை. இடக் காதுக்கு மேலே, மண்டைக்குள், ஏதோ இளஞ்சூடாகப் பரவியது.

மைக்கைப் பற்றினார். ‘என்ரை தலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.’ சொல்ல நினைத்தது அவ்வளவுதான்.

“வான்கழல் நெகிழ்ந்த செம்பாலைத் திருவுருவே அன்றோ, அவ்வாழ்நிழல் முகிழ்த்த பெருவெளி!” என்றது வாய்.

ஏற்றம் சரி. நிறுத்தம் சரி. சனம் உருகிப்போய்த் தலையாட்டியது.

மறுபடி முயன்றார். இன்னும் அழகாக வந்தது. கண்ணீர் வழிந்தது. முன்வரிசையும் அழுதது.

குணலட்சுமி எழும்பினாள். “ஐயோ, அவருக்கு ஏதோ செய்யுது! கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை!”

“இரு தங்கச்சி,” என்றார் கந்தப்பு. “உவர் கதைச்சு ஆருக்கு எப்ப விளங்கினது? அதெல்லோ தமிழ்.”

பெண்கள் அவளைப் பிடித்து இருத்தினார்கள்.

வலக்கை விழுந்தது. வாயின் வலப்பக்கம் தொங்கியது. எச்சில் மைக்கில் வடிந்தது. வாய் நிற்கவில்லை. நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. அவர் இல்லாமலே அது பேசிற்று. அந்த வாய்க்கு மேலே, இமைக்காமல், இரண்டு கண்கள் ஒவ்வொரு முகமாகத் தேடின.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள்.