டப்பாவுக்குள் செத்த நீலம்

மறுநாள் காலையில் முனைவர் பட்டத் தேர்வு. முந்தின மாலை அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து நின்றாள். துப்பறிவாளர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார், ஊசி நிற்கவில்லை.

"சார், என் ஆன்டெனாவையெல்லாம் யாரோ கொன்னுட்டாங்க."

அவருடைய மைத்துனன் ஓடிப்போய் ஜன்னல் வழியாக மொட்டைமாடிகளை ஆராய்ந்தான்.

"அங்க இல்லைங்க, இந்தக் கண்ணாடித் துண்டுல. எல்லாம் வெள்ளி. ஒரு தலைமுடி அகலத்துல நூத்துக்கணக்குல நிக்கும். டிவி ஆன்டெனா அலையைப் பிடிக்கிற மாதிரி இது வெளிச்சத்தைப் பிடிக்கும். மைக்ராஸ்கோப்புல நீலமா மின்னுனது, இப்போ செவந்து மங்கிக் கிடக்கு. நாளைக்கு இதைத்தான் காட்டணும். நாலு வருஷ உழைப்பு!"

மைத்துனன் கண்ணாடியை உற்றுப் பார்த்து, ஏழெட்டு ஆன்டெனா வெறும் கண்ணுக்கே தெரிவதாகச் சாதித்தான். அவன் சுபாவம் அது.

"யார் மேல சந்தேகம்?"

"பக்கத்து மேசை நெட்டையன். நான் செஞ்ச கண்ணாடியை வெட்டி அவனுக்கும் பாதி குடுத்தேன். அவனோடது கண்ணாடிக் கிண்ணத்துல ஜம்முனு இருக்கு. போன மாசம் என் மேசையையே சுத்திச் சுத்தி வந்தான். அன்னைக்கே டப்பாவுல வச்சு டேப் ஒட்டிட்டேன். இன்னைக்கு முகத்துக்கு நேரா திருடன்னும் சொல்லிட்டேன்."

"டேப் பிரிஞ்சிருந்ததா?"

"இல்ல சார். அதான் புரியல."

"ஊசி வழியா ஆசிட் ஆவி ஏத்தியிருக்கான் மாமா!"

"ஓட்டை எங்க மாப்ளே?"

"அதையும் அடைச்சிருப்பான்."

துப்பறிவாளர் டப்பாவைத் திறந்தார். ஆடாமல் இருக்க, கண்ணாடியைத் தடித்த ரப்பர் பேண்டுகளால் கட்டியிருந்தது. பக்கத்தில் கரியாய்க் கறுத்த ஒரு மோதிரம்.

"இது?"

"என் வெள்ளி மோதிரம். லேப்ல போடக் கூடாது. பத்திரமா இருக்கட்டும்னு இதுக்குள்ளயே வச்சேன்."

"மோதிரத்து மேல நெட்டையனுக்கு என்னம்மா பகை?" நூலைப் பல்லால் கடித்தார். "ரப்பர்ல கந்தகம் இருக்கு. வெளியில இருந்தா காத்தோட போயிருக்கும். நீ டேப் ஒட்டி உள்ளயே அடைச்சுட்டே. வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது. மோதிரத்துக்குத் தோல் மட்டும் கறுத்தது. ஆன்டெனாவுக்கு உடம்பே தோல்தானே!"

"அப்போ கொன்னது..."

"உன் ஜாக்கிரதைதான்."

மூவரும் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். நெட்டையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"தப்பு என் மேலதான். ரப்பர் பேண்ட் பண்ணுன வேலை. உன்னைத் திருடன்னு சொன்னது..."

"இப்போ திருடன்கிட்டயே வாங்க வந்திருக்க."

"ஆமா. தருவியா?"

அவன் தன் மேசையைத் துடைத்து முடித்தான். பிறகு தன் பாதிக் கண்ணாடி இருந்த கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் இரு கையாலும் வாங்கி மேசையில் வைத்து, ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள். பழக்க தோஷம், மறு கை பைக்குள் ரப்பர் பேண்டைத் தேடியது.

"வேணாம்!" என்று மூன்று ஆண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.