பசிக்கும் மாத்திரை

"மருந்து குடிச்ச எலிங்க பசியில கூண்டைக் கடிக்கணும், மேடம். பத்து நாளா பேசாமத் தூங்குதுங்க." என்றாள் டாக்டர் அனுசுயா.

வெண்ணாற்றங்கரையில் அவளுடைய ஆய்வுக்கூடம். உடம்பிலேயே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் மாத்திரை அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அதைக் கரைத்துப் புகட்டினால் எலிக்கு முதலில் வருவது அகோரப் பசி. இப்போது டப்பாவில் இருந்ததோ வெறும் மாவு மாத்திரை.

"அசலை எடுத்து யாரோ மனுஷங்க சாப்பிடுறாங்க போல. முன்னாடி மருந்து அளவு கூடிப்போய் நாலு எலி இதயம் வீங்கிச் செத்துச்சு, மேடம்."

ஓய்வுபெற்ற மருந்து ஆய்வாளர் கமருன்னிஸா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். துணைக்கு வந்த முன்னாள் ஏட்டு தியாகுவுக்குக் கை பரபரத்தது. மருந்து அலமாரிச் சாவி இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒருவர் சோதனையாளர் ஜெயபால், மற்றவர் எலிகளைப் பராமரிக்கும் வீரமணி.

மதியச் சாப்பாட்டு நேரம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டை முடித்த ஜெயபால் மூன்றாவது போண்டாவை விழுங்கிக்கொண்டிருந்தார். வீரமணியின் மூன்றடுக்குக் கேரியரில் இரண்டு அடுக்கு கழுவித் துடைத்தபடியே காலி. மூன்றாவதில் கையளவு சோறு. அவர் சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப் எட்டிப் பார்த்தது.

"ஜெயபால்தாம்மா. திங்கிறதைப் பாருங்க," என்று தியாகு காதைக் கடித்தார்.

"அந்தத் தொப்பை பத்து நாள்ல வந்ததில்ல, தியாகு. எடுத்தவரு சாப்பிடலை, வீட்டுல யாருக்கோ கொடுக்கிறாரு. அங்க அந்தப் பசிக்குப் பானை காலியாகுது, இங்க கேரியர் காலியா வருது."

கமருன்னிஸா வீரமணியின் எதிரே போய் உட்கார்ந்தார். "எலியைத் தராசுலதான் நிறுக்கிறீங்க. டேப்பால யாரை அளக்கிறீங்க, வீரமணி?"

சோறு பிசைந்த கை நின்றது.

"என் பொண்ணு எழில்மொழியைம்மா. போலீஸ் செலக்‌ஷனுக்கு உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் குறையுது. சத்து மாத்திரைன்னு சொல்லிக் கொடுத்தேன்."

"வயசு?"

"இருபத்திரெண்டு."

"ஐயோ, எலும்பு வளர்றது எப்பவோ நின்னிருக்கும்," என்றாள் அனுசுயா. "கால் வீங்குதா?"

"ஷூ பத்தலைன்னு சொன்னா. வளர்றாள்னு சந்தோஷப்பட்டேன்மா."

ஆளைப் பிடித்துவிட்டோம் என்ற தியாகுவின் குஷி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இப்ப எங்க அவ?" என்று கேட்டார் கமருன்னிஸா.

"நாளைக்குச் செலக்‌ஷன். மைதானத்துல ஓடிக்கிட்டிருக்கா. காலையில ரெண்டு மாத்திரையாக் கொடுத்தேன்."

கமருன்னிஸா வீரமணியின் போனை எடுத்து நீட்டினார். சோற்றுக் கையோடு வீரமணி மகளின் எண்ணைத் தட்டினார். மணி நெடுநேரம் அடித்தது. பிறகு யாரோ ஒரு ஆணின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது.

"சார், ஓடும்போது விழுந்துட்ட இந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

அப்பா என்று சொல்ல வீரமணிக்கு வாய் வரவில்லை.