பதினாலு எழுத்துப் பூட்டு

மழை அவனை ஆஸ்பத்திரி வாசல் வரை துரத்திக்கொண்டு வந்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அக்காவைப் பார்க்கச் சொட்டச் சொட்ட நுழைந்தவன், கட்டிலருகே நின்ற மருந்து மெஷினைக் கண்டு அசந்துபோனான். அட... அவன் கம்பெனி மெஷின்! எந்தத் திருடன் எந்த வழியாக இதற்குள் புகுவான், மருந்தின் அளவை எப்படி மாற்றுவான் என்று மூன்று மாதம் பயந்து பயந்து யோசித்து, அந்தப் பயங்களைப் பாதுகாப்பு விதிகளாக எழுதிக் கொடுத்ததே இவன்தான். பெருமை இருக்காதா பின்னே!

ஆனால் மெஷினின் பக்கவாட்டில் ஒரு துண்டு பிளாஸ்திரி. அதில் பேனாவால் எழுதிய பதினாலு எழுத்துக் கடவுச்சொல்! ஐயாவுக்குச் சுருக்கென்றது. பிய்த்துக் கசக்கிவிட்டான்.

"ஹலோ! அதை எதுக்குப் பிச்சீங்க?"

நர்ஸ். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள்... அவ்வளவுதான் தெரிந்தது. அதுவே இவனுக்கு அதிகம்.

"கடவுச்சொல்லை இப்படி ஊருக்கே காட்டலாமா சிஸ்டர்? யாராவது மருந்தைக் கூட்டிட்டா?"

"பயம் நியாயம்தான். ஆனா நிமிஷத்துக்கு ஒருதரம் மெஷின் பூட்டிக்குது. கையில உறை, பன்னெண்டு கட்டில்... பதினாலு எழுத்தை எத்தனை தரம் அடிக்கிறது? இந்த விதியை எழுதின புண்ணியவான் இங்க வந்து ஒரு நாள் நின்னு பாக்கட்டும்!"

புண்ணியவான் பிளாஸ்திரியைக் கைக்குள் இன்னும் கசக்கினான்.

"டேய்..." அக்காவின் குரல் கம்மியது. கழுத்து சிவந்து தடித்து, மூச்சு இழுத்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை! நர்ஸ் பாய்ந்து வந்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். திரை கடவுச்சொல் கேட்டது. பிளாஸ்திரியோ இவன் கைக்குள்! கசங்கியதை இவன் பிரிப்பதற்குள் அவள் குழாயின் கவ்வியை இறுக்கி மருந்தை நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, அக்காவின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னையே பாருங்க அக்கா... நான் இருக்கேன்ல..."

அந்த விரல்களில் ஒரு நடுக்கம் இல்லை. அப்படியொன்றை அவன் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. டாக்டர் ஊசி போட்டு, அக்காவின் மூச்சு சீரான பிறகுதான் இவனுக்கே மூச்சு வந்தது.

சொல்லாமல் நழுவிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தக் கண்கள்...

"அந்த விதியை எழுதினது... நான்தாங்க."

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போய்விட்டாள். மறுநாளும் பேசவில்லை. அவன் வார்டு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் கைகள் செய்வதையெல்லாம் பிரமித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டான். மூன்றாம் நாள் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"என்னங்க... இதைக் கொஞ்சம் படிங்களேன்."

'மருந்தை நிறுத்தக் கடவுச்சொல் வேண்டாம். உறை போட்ட கையால் அழுத்தினாலும் மூன்று நொடிக்குள் நிற்க வேண்டும். அளவைக் கூட்டுவதற்கு மட்டும் இரண்டு நர்ஸுகளின் அடையாள அட்டை வேண்டும்.'

அவள் இரண்டு தரம் படித்தாள். கண்கள் அகன்றன.

"திருடனும் வர முடியாது... என் கையையும் கட்டிப்போடல. உங்க ஆபீஸ்ல ஒத்துப்பாங்களா?"

"முதல்ல எழுதினது தப்புன்னு நேத்து ராத்திரியே ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேங்க. செம டோஸ்! ஆனா மெஷினை எல்லாம் மாத்தப்போறாங்க."

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஏன்டா, முதல் நாள் சிஸ்டர்னு கூப்பிட்ட... இப்ப என்ன, 'என்னங்க'ன்னு வழியுற?"

"அது... இனிமே அப்படிக் கூப்பிட வாய் வராதுக்கா."

நர்ஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை கொட்டியது.

"அக்கா நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவாங்க..." என்றாள் மெல்ல.

"நான் வருவேங்க. உங்களைப் பாக்கத்தான். எனக்கு உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நீங்க சொல்லாமலே போயிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றாள் அவள். "சொன்னீங்க பாருங்க... அப்பவே பிடிச்சுப்போச்சு. கோவத்துலதான் ரெண்டு நாளா ஒளிச்சு வெச்சிருந்தேன்."